எழுப்பாத நைனா

பாலாஜி,

வண்டி துறைமுகத்து கேட்டுக்கு வெளியே வரிசையில் நிற்கிறது. முன்னால் காசிமேடு வரைக்கும் ட்ரெய்லர்தான், பின்னால் திருவொற்றியூர் வரைக்கும் ட்ரெய்லர்தான். இன்றைக்குள் உள்ளே விடுவானா என்று எவனுக்கும் தெரியவில்லை. ஸ்டியரிங் மேல் ஒரு அட்டையை வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வரும். நேரில் சொல்லலாமே, போனில் சொல்லலாமே என்று கேட்காதே. என் வாய் உனக்குத் தெரியும். திறந்தால் முதலில் கோபம்தான் வரும், மற்றதெல்லாம் அது போன பிறகுதான் வரும். அதற்குள் எதிரே இருப்பவன் எழுந்து போயிருப்பான். நீ அப்படித்தான் போனாய்.

நேற்று உன் அண்ணன் குமார் சொன்னான், சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நீ வெளிநாட்டுக்குப் போகிறாயாம். நீ போனாயே அதே மாதிரி போட்டி. பதினெட்டு வயதைத் தாண்டாத பிள்ளைகள், ஊர் ஊராக, நாடு நாடாக வந்து, நீச்சல் ஒரு பக்கம், குத்துச்சண்டை ஒரு பக்கம், ஓட்டம் ஒரு பக்கம் என்று நடக்குமே, அதுதான். அன்றைக்கு நீ போட்டிக்காரன், இன்றைக்குப் பயிற்சி கொடுக்கிற மாஸ்டருக்குத் துணை மாஸ்டர். இந்திய சட்டை போட்ட போட்டோவைக் குமார் காட்டினான். "தம்பி ஸோக்கா கீறான் இல்ல நைனா?" என்றான். நான் ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். அவன் நான் சந்தோஷத்தில் எழுந்தேன் என்று நினைத்திருப்பான்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், நீ அந்தப் பிள்ளைகளோடு விமானம் ஏறுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். அதற்கு முதலில் இருந்து வர வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படி. வரிசை நகரும்போது எழுத்து நடுவில் நிற்கும்.

நீ நடைப் போட்டியில் சேர்ந்தபோது எனக்கு அப்படி ஒரு விளையாட்டு இருப்பதே தெரியாது. ஓடுகிற பிள்ளை என்றால் தெருவில் சொல்லிக்கொள்ளலாம். ஃபுட்பால் என்றால் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். இடுப்பை ஆட்டிக்கொண்டு வேகவேகமாக நடக்கிற பிள்ளையை என்னவென்று சொல்வது? டீக்கடையில் உட்கார்ந்தால், "இன்னா மாமு, உன் புள்ள காலங்காத்தால கக்கூஸுக்கா ஓட்றான்?" என்று கேட்பார்கள். எனக்கு ஆத்திரம் அவர்கள் மேல் வராது, உன் மேல் வரும். "வேற எதுவும் கெடைக்கலியாடா உனக்கு?" என்று எத்தனை நாள் கத்தியிருக்கிறேன். நீ பதில் பேசாமல் ஷூவைத் துடைத்துக்கொண்டிருப்பாய். அப்போதே நீ அப்படித்தான், எனக்குத்தான் புரியவில்லை.

உன் அம்மாவுக்கு அந்த வெட்கமெல்லாம் கிடையாது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பிசிறு வெட்டப் போகிறவள், அதற்கு முன்னால் விடியற்காலையில் உன்னோடு கிளம்பிவிடுவாள். அந்தப் பழைய மொபெட்டில், மடியில் தண்ணீர் பாட்டிலைச் செருகிக்கொண்டு, எக்ஸ்பிரஸ் ரோட்டில் நீ நடக்க நடக்கப் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வருவாள். ஒரு பக்கம் கருங்கல், கடல். இன்னொரு பக்கம் கண்டெய்னர் வண்டிகள். நடுவில் நீங்கள் இரண்டு பேர். ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், இரண்டு காலும் தூக்கினால் அது ஓட்டம், நடுவர் சிவப்பு அட்டை போடுவார், மூன்று விழுந்தால் வெளியே போக வேண்டும் என்று மாஸ்டர் அவளுக்கு ஒரு தடவை சொன்னார். அது போதும் அவளுக்கு. அந்த ரோடு முழுக்க அவள் குரல்தான் கேட்கும். "டேய், கால தூக்கிட்ட! தூக்கிட்டடா! எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினியா?"

ஒரு நாள் நான் இதே மாதிரி வரிசையில் வண்டியோடு நின்றேன். டிரைவர்கள் நாலு பேர் கீழே இறங்கிப் பல் விளக்கிக்கொண்டிருந்தோம். தூரத்தில் நீங்கள் வருவது தெரிந்தது. பக்கத்தில் இருந்தவன், "தபாருடா, இவன் இன்னா வாத்து மாதிரி ஆட்டிகினு போறான்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் பாலாஜி. அது என் பிள்ளை என்று சொல்லவில்லை. நீ குனிந்த தலை நிமிராமல் போய்விட்டாய், பார்த்தாயோ என்னவோ. அவள் பார்த்தாள். மொபெட்டை நிறுத்தக்கூட இல்லை, என்னைத் தாண்டும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். சாயந்திரம் தட்டை வைத்துவிட்டு, "பெத்த புள்ளய பாத்து ரோட்ல நின்னுகினு சிரிக்கிற ஆம்பளைக்கு இந்தக் கொழம்பு போதும்" என்றாள். வெறும் ரசம் ஊற்றியிருந்தாள். அன்றைக்கு அவளிடம் மன்னிப்பு கேட்டிருக்கலாம். தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போனேன்.

அப்புறம் நீ ஜெயிக்க ஆரம்பித்தாய், நான் திருந்தினேன். ஜெயித்த பிறகு திருந்துவது பெரிய காரியம் இல்லை, எவனும் திருந்துவான். மாநிலத்தில் ஜெயித்து, தேசிய அளவில் ஜெயித்து, வெளிநாட்டுக்குப் பெயர் வந்தபோது தெருமுனையில் பேனர் வைத்தவனே நான்தான். உன்னை அனுப்ப ஏர்போர்ட்டுக்குத் தெருவில் பாதி வந்தது. எல்லாரும் ஜெயிச்சுட்டு வா, மெடலோட வா என்று கத்திக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் உன் காதைப் பிடித்து இழுத்து, "கால தூக்காத" என்றாள். நீ சிரித்தாய். நீ உள்ளே போய் மறையும் வரைக்கும் அவள் உன் காலைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். நீங்கள் இரண்டு பேரும் கடைசியாகப் பார்த்துக்கொண்டது அதுதான்.

இதுவரைக்கும் உனக்குத் தெரிந்த கதை. இனிமேல் வருவதும் உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் உனக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது.

உன் போட்டிக்கு முந்தின நாளுக்கு முந்தின நாள், கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தபடியே சாய்ந்துவிட்டாள். கூட வேலை செய்கிற பெண்கள் ஆட்டோவில் போட்டுக் கொண்டுபோனார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மார்பு வலிக்கிறது என்று ஒரு வார்த்தை வீட்டில் சொன்னதில்லை. குமார் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். நான் அழவில்லை. எனக்கு உடனே உன் நினைவுதான் வந்தது. அங்கே உன்னோடு இருந்த மாஸ்டருக்குப் போன் பண்ணினேன். அவர், "நீங்க இன்னா சொல்றீங்களோ அதான் சார். இப்பவே சொல்லி, ராத்திரிக்குள்ள அனுப்பி வெக்கட்டுமா?" என்று கேட்டார். "வேணா மாஸ்டர்" என்றேன். "அவன் நடந்துட்டு வரட்டும். அவன் அம்மா இருந்தா இதத்தான் சொல்லியிருப்பா."

பொய்யடா அது. அவள் அதைச் சொல்லியிருக்க மாட்டாள், எனக்கு நன்றாகத் தெரியும். நீ பிறந்து, அவள் பச்சை உடம்போடு படுத்திருந்தபோது அவள் அம்மா செத்துப்போனாள். பிள்ளை பெற்றவளுக்குச் சாவு சேதி சொல்லக் கூடாது, பால் வற்றிப்போகும் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் மூடி மறைத்துவிட்டார்கள். உன்னைத் தொட்டிலில் போட்ட அன்றைக்குத்தான் அவளுக்குச் சொன்னோம். அவள் அழுததை விட என்னைப் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எங்கம்மாவுக்கு மவ நான், எனக்கு மட்டும் தெரியாம சிரிச்சிகினு குந்தியிருந்தேன்" என்றாள். எத்தனையோ வருஷம் கழித்துக்கூட, வெங்காயம் நறுக்கும்போது திடீரென்று அதைச் சொல்வாள். இப்படிப்பட்டவள் செத்துக் கிடக்கும்போது, அவள் பெயரையே சொல்லி உன்னிடம் மறைத்தேன்.

முடிவு பண்ணிய பிறகு என் வேகம் உனக்குத் தெரியுமே. வீடு வீடாகப் போய்ச் சொன்னேன், எவனும் ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது, எவனும் பாலாஜிக்குப் போன் போடக் கூடாது. கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கப் போன பசங்களை நடு வழியில் நிறுத்தித் திருப்பினேன். உன் சித்தி ஒப்பாரி வைத்துக்கொண்டே போனை எடுத்தாள் என்று அவள் கையில் இருந்து பிடுங்கி வைத்துக்கொண்டேன். தெரு மொத்தமும் எனக்குக் கட்டுப்பட்டது. "புள்ளையோட வாழ்க்கை, எவனும் வாய தொறக்காதீங்கப்பா" என்று பெரியவர்களே சொன்னார்கள். ஒரு தெருவையே வாயடைத்துவிட்டேன் என்று எனக்கு அந்த நேரத்திலும் ஒரு பெருமை.

மறுநாள் மத்தியானம் கானா வைத்தோம். கானா இல்லாமல் அவளை எடுப்பதா? உன் தோஸ்து மணிதான் பாட வந்தான். பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் வழக்கம்போல என்னிடம் வந்து, செத்தவங்க பேர், பிள்ளைங்க பேர், மருமக பேர் எல்லாம் கேட்டான். அவனுக்குத் தெரியாத பெயரா? இருந்தாலும் வீட்டுக்காரன் வாயால் சொல்லக் கேட்டுத்தான் பாடுவான், அது முறை. பெரியவன் குமார் என்றேன். சின்னவன் என்று வந்தபோது உன் பெயரை விட்டிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. கடைசிப் பிள்ளையின் பெயர் வராமல் ஒரு தாய்க்குக் கானாவா, நாலு பேர் என்ன நினைப்பார்கள்? "சின்னவன் பாலாஜி. இந்தியாவுக்காக வெளிநாடு போயிருக்கான்னு சேத்துப் பாடு" என்றேன். அவள் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பெருமை பேசினேன்.

அவன் பாடினான். "பந்தயத்துக்குப் பறந்து போன பாலாஜி, பெத்தவளுக்குப் பால் ஊத்த வருவியாடா பாலாஜி" என்று அவன் இழுத்தபோது தெருவே கதறியது. நானும் அப்போதுதான் முதல் தடவையாக அழுதேன். எதிரே ஸ்டாண்டில் அவன் போன் நின்றது. அவன் பாடுகிற ஒவ்வொரு கானாவும் அப்படியே நேராக நெட்டில் போகும் என்று எனக்குத் தெரியும். நீ எந்தப் போட்டிக்கு முன்னாலும் காதில் மாட்டிக்கொண்டு கேட்பது அவன் பாட்டைத்தான் என்பதும் தெரியும். எல்லாம் தெரியும். எல்லார் வாயையும் மூடியவன் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன், மண்டையில் ஏறவே இல்லை.

வரிசை நகர்ந்தது. ஒரு வண்டி தூரம் போய் மறுபடி நின்றுவிட்டேன். எங்கே விட்டேன்?

பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே மணி திடீரென்று நிறுத்திவிட்டு, தம்பட்டக்காரனைத் தொடர்ந்து வாசிக்கச் சொல்லிவிட்டு, போனை ஸ்டாண்டில் இருந்து எடுத்தான். எடுத்துக்கொண்டு அவள் இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து வந்தான். பெட்டிக்கு மேலே போனைப் பிடித்தான். எனக்கு எங்கிருந்துதான் அந்த வெறி வந்ததோ. "சாவு வூட்ல இன்னாடா படம் புடிச்சிகினு கீற, கஸ்மாலம்" என்று பாய்ந்து, ஒரே அடி, போன் எகிறிப் போய்ச் சாக்கடை ஓரம் விழுந்தது. போன் கண்ணாடி தெறித்துவிட்டது. மணி போனைப் பொறுக்கிச் சட்டையில் துடைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மறுபடி பாட வந்துவிட்டான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன்.

சுடுகாட்டில் குமார் கொள்ளியை வாங்க மாட்டேன் என்றான். "இது தம்பிது நைனா. அம்மாவுக்கு சின்னவன்தான் வெக்கணும். நா தொட மாட்டேன்" என்று பின்னால் பின்னால் போனான். அவன் கையைப் பிடித்து இழுத்துத் திணித்தேன். அவன் வைத்தான். இன்றைக்கு வரைக்கும் அவன் அதைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை.

சாயந்திரம் குளித்து ஈரத்துணியோடு வந்து உட்கார்ந்தபோது உன் போன் வந்தது. எல்லாரையும் கையைக் காட்டி அடக்கிவிட்டு எடுத்தேன். உன் குரல் கொஞ்சம் கரகரவென்று இருந்தது. சளியா என்று கேட்டேன். ஏசி ஒத்துக்கவில்லை என்றாய். சாப்பிட்டாயா என்றேன். சாப்பிட்டேன் என்றாய். அப்புறம் கேட்டாய்.

"அம்மா இன்னா பண்ணுது நைனா?"

"தூங்கிகினு கீதுடா" என்றேன். "கம்பெனில வேல ஜாஸ்தி. அசந்து பட்த்துகிச்சு."

லைன் போய்விட்டதோ என்று ரெண்டு தடவை அலோ அலோ என்றேன்.

"சரி" என்றாய். "எழுப்பாத நைனா."

போனை வைத்துவிட்டு குமாரைப் பார்த்து, "பாத்தியா, ஒண்ணும் தெரியல" என்றேன். தைரியமாகச் சொன்னேன். நல்லபடியாக முடித்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கக்கூடத் தூங்கினேன்.

மறுநாள் உன் போட்டியைக் குமார் போனில்தான் பார்த்தோம். முதலில் நன்றாகத்தான் நடந்தாய். முன்னால் போகிற கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டே போனாய். ஒரு சிவப்பு அட்டை விழுந்தது. பாதியில் இன்னொன்று. பரவாயில்லை, இனிமேல் பார்த்துப் போவான் என்றேன். கடைசிச் சுற்று மணி அடித்தது. மணி அடித்ததும் நீ ஓடினாய். கால் தூக்கிவிட்டது, தவறிவிட்டது என்றெல்லாம் இல்லை. நன்றாகவே ஓடினாய், யாரோ கூப்பிட்டதுபோல. நடுவர் குறுக்கே வந்து அட்டையைக் காட்டின பிறகும் கொஞ்ச தூரம் ஓடித்தான் நின்றாய். அதற்கப்புறம் உன்னைக் கேமரா காட்டவில்லை, ஜெயித்தவனைக் காட்டப் போய்விட்டது. நான்தான் படத்தின் ஓரத்தில் உன் ஷூவை மட்டும் பார்த்தேன்.

நீ போன் பண்ணினபோது நான் என்ன பேசினேன் என்று உனக்கு மறந்திருக்காது. நான் மறந்துவிட்டேன் என்று ரொம்ப நாள் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். "நடக்கத்தானடா போன? ஓடுறதுக்கா அனுப்பினேன்? இங்க நாங்க இன்னா பாடுபட்டு உன்ன..." என்று சொல்லி, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய தியாகத்தை நாங்கள் பண்ணிக்கொண்டிருக்கிறோம், இவன் இப்படிக் கெடுத்துவிட்டானே என்று இருந்தது எனக்கு. நீ, "தப்புதான் நைனா" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய்.

நீ திரும்பி வந்த அன்றைக்கு, ஏர்போர்ட்டில் சொல்லக் கூடாது, வீட்டுக்கு வந்து உட்காரவைத்துச் சொல்லலாம் என்று சொற்களையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். நீ எதற்கும் இடம் கொடுக்கவில்லை. ஆட்டோவை விட்டு இறங்கி, யாரையும் பார்க்காமல், உள்ளே போய், மாலை போட்ட போட்டோவுக்கு எதிரே பையை வைத்துவிட்டு உட்கார்ந்தாய். கத்தவில்லை, கதறவில்லை. மூலையில் கிடந்த அவள் மொபெட் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். தெருப் பெண்கள் உன்னைக் கட்டிக்கொண்டு அழ வந்தார்கள், நீ மரம்போல் இருந்தாய். "இன்னாம்மா இது, புள்ள அயுவக்கூட மாட்டேங்குது" என்று வெளியே போய்ப் பேசினார்கள். எனக்குக் காதில் விழுந்தது.

காரியத்தன்று நான் அதைச் சொன்னேன். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். "பெத்தவ செத்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வுடாத கல்லுடா நீ. உனக்காக அவ ரோடு ரோடா அலைஞ்சா பாரு." நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அது என்ன பார்வை என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அடுத்த வாரமே ஹாஸ்டலுக்குப் போனாய், அப்புறம் வேலை கிடைத்து வெளியூருக்கே போய்விட்டாய். பொங்கலுக்கு வருவாய், தெவசத்துக்கு வருவாய், அன்றைக்கே கிளம்புவாய். போனில், சாப்பிட்டியா நைனா, மாத்திரை போட்டியா நைனா, அவ்வளவுதான். அம்மா என்ற சொல்லை நீ என்னிடம் திரும்பச் சொன்னதே இல்லை. நன்றி கெட்டவன் என்று உன்னை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? டீக்கடையில் சொன்னேன், உன் சித்தியிடம் சொன்னேன், வண்டியில் தனியாகப் போகும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் பின் தெருவில் ஒரு சாவு. மணிதான் பாட வந்திருந்தான். இப்போது அவனுக்குப் பெரிய பெயர், எங்கெங்கோ கூப்பிடுகிறார்கள். டீ குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். எனக்கு அந்தப் பழைய போன் ஞாபகம் வந்தது. "அன்னிக்கு உன் போன ஒடச்சிட்டேன்டா மணி. சாவு வூட்ல நீ அப்டி படம் புடிச்சது எனக்குப் புடிக்கல" என்றேன். அவன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

"படம் புடிக்கல நைனா" என்றான். "போன்ல பாலாஜி இருந்தான்."

எனக்குப் புரியவில்லை. அவனே சொன்னான். நீ அங்கே ரூமில் உட்கார்ந்து, மறுநாள் போட்டிக்காக எப்போதும்போல அவன் கானாவைத் திறந்திருக்கிறாய். நேரலை ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நம் தெரு. நம் வீட்டு வாசல். அவன் வாயில் உன் பெயர். நீ உடனே அவனுக்கு வீடியோ கால் போட்டிருக்கிறாய். "மச்சான், ஒரே ஒரு தடவ அம்மா மூஞ்ச காட்றா" என்றாயாம். அதற்குத்தான் அவன் போனை எடுத்துக்கொண்டு பெட்டிக்கிட்டே வந்திருக்கிறான். கால் பக்கம் கூட்டம் குறைவு என்று அங்கிருந்து மேலே கொண்டுபோக ஆரம்பித்திருக்கிறான். அதற்குள் நான் வந்துவிட்டேன்.

"மூஞ்சி தெரியல நைனா அவனுக்கு" என்றான். "காலு மட்டுந்தான் தெரிஞ்சிதாம். கட்டை வெரலு ரெண்டும் சேத்துக் கட்டியிருந்துச்சே, அது."

ஏன்டா இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் கையை எடுக்கவில்லை. "அவன்தான் சொல்லாதன்னான். நைனாவுக்கு எனக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும், பாவம், தாங்காதுன்னான்" என்றான். நான் அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன் பாலாஜி. ரோட்டில் போகிறவர்கள் செத்தது யார் என்று கேட்டுக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் கணக்குப் பண்ணிப் பார்த்தேன். எல்லாம் தெரிந்த பிறகுதான் நீ எனக்குப் போன் பண்ணியிருக்கிறாய். அவளைக் கொளுத்திவிட்டு ஈரத்துணியோடு நான் உட்கார்ந்திருந்தபோது, அம்மா என்ன பண்ணுகிறது என்று நீ கேட்டது தெரியாமல் கேட்டது இல்லை. எனக்கு ஒரு வழி விட்டிருக்கிறாய். நான் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாய். நான் தூங்குகிறாள் என்றேன். எழுப்பாதே என்றாய். பதினேழு வயதுப் பிள்ளை, யாரும் இல்லாத ஊரில், அம்மா செத்த சேதியை வைத்துக்கொண்டு, அப்பனுக்கு வலிக்கக் கூடாது என்று போனை வைத்திருக்கிறாய். நான் உன்னைக் கல் என்றேன்.

அவள் பால் வற்றக் கூடாது என்று அன்றைக்கு மறைத்தோம், உன் மெடல் போகக் கூடாது என்று அப்புறம் மறைத்தேன். மறைக்கிறவனுக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது. உன்னோடு இப்போது வருகிற பிள்ளைகளின் வீட்டில் ஏதாவது ஒன்று நடக்கலாம், நடக்க வேண்டாம், நடந்தால் அவர்கள் அப்பனும் என்னை மாதிரி உனக்குப் போன் பண்ணி, போட்டி முடியட்டும் மாஸ்டர், சொல்லாதீங்க என்பான். அவன் பேச்சைக் கேட்காதே. அவன் கெட்டவன் இல்லை, அவனுக்குப் பயம். நீ அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிவிடு. நடக்கிறாயா, வீட்டுக்குப் போகிறாயா என்று அவனையே கேள். நடந்தாலும் தெரிந்து நடக்கட்டும். உனக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை, உலகத்திலேயே உனக்குத்தான் இது நன்றாகத் தெரியும். ஆனாலும் சொன்னது நானாக இருக்கட்டும்.

எனக்கு சர்க்கரை ஏறியிருக்கிறது, ஒரு கண்ணில் புகை மாதிரி இருக்கிறது, இன்னும் ரொம்ப நாள் வண்டி ஓட்ட விட மாட்டார்கள். குமாரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். எனக்கு ஒன்று ஆனால் முதல் போன் உனக்கு. நீ எந்த நாட்டில் எந்தப் போட்டியில் இருந்தாலும் சரி, நீ வந்து பார்க்காமல் பெட்டியை மூடக் கூடாது. வர முடியாவிட்டால், போனை முகத்துக்கு நேராகப் பிடிக்க வேண்டும், எவ்வளவு நேரம் கேட்கிறாயோ அவ்வளவு நேரம்.

உன்னிடம் மன்னிப்பு கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் ரசம் ஊற்றிய அன்றைக்கே வராதது. அவள் முகத்தை உனக்குத் திருப்பித் தரவும் என்னால் ஆகாது. ஆனால் ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது, அதற்கு நீதான் மனசு வைக்க வேண்டும்.

முன்னால் வண்டிகளை ஸ்டார்ட் பண்ணுகிறார்கள், கேட் திறந்துவிட்டான் போல. இது உன் கைக்கு வந்ததும், விமானம் ஏறுவதற்கு முன்னால், எனக்குப் போன் பண்ணு. சாப்பிட்டியா என்று கேட்காதே, மாத்திரை போட்டியா என்று கேட்காதே. அன்றைக்குக் கேட்டதையே கேள். அம்மா இன்னா பண்ணுது நைனா என்று கேள். நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சொல்கிறேன். அம்மா செத்துப் போயிட்ச்சுடா, வூட்டுக்கு வாடா, நீ வர வரைக்கும் எடுக்க மாட்டோம்டா என்று சொல்கிறேன்.